புதிது என்று சொல்வதற்கு முன்

கடந்த தவணையில் ஐந்தாம் படிவ மாணவர்களோடு ஒரு பரிசோதனை செய்தோம். பள்ளிக்குப் பக்கத்திலுள்ள ஏரிப் பூங்காவிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தோம். அதில் ஒரு துளியை ஊட்டக்கூழ் பரப்பிய பெட்ரி தட்டில் தடவினோம். மூடியை ஒட்டுநாடாவால் ஒட்டி, அறிவியல் கூடத்து அலமாரியில் வைத்தோம். மூன்றாம் நாள் பார்த்தபோது தட்டு முழுவதும் புள்ளிகள். வெள்ளை, பாலாடை நிறம், மங்கலான மஞ்சள். அவற்றுக்கு நடுவே ஒன்றே ஒன்று மட்டும் நல்ல செம்மஞ்சள் நிறத்தில், பளபளவென்று, பாதி மிளகு அளவுக்கு இருந்தது.

"டீச்சர், இது என்ன கிருமி?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

"எனக்குத் தெரியலம்மா."

"அப்போ இது புதுசா? புதுசா இருந்தா எம் பேரு வைக்கலாமா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதிலை எதிர்பார்த்து நின்றாள். மணி அடித்துவிட்டதால் "அப்புறம் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன். வீட்டிற்கு வந்த பிறகுதான் அது சிரித்து ஒதுக்கவேண்டிய கேள்வி அல்ல என்று உறைத்தது. ஏரித் தண்ணீரில் புதிய பாக்டீரியாவைக் கண்டுபிடித்து உலகத்தில் பெயர் வைக்கத்தான் செய்கிறார்கள். அதை எப்படிச் செய்கிறார்கள்? அவளுக்கு நான் சொல்லவேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாதது, யாருக்கும் தெரியாதது

"எனக்குத் தெரியவில்லை" என்று நான் சொன்னதை "புதிது" என்று அவள் எடுத்துக்கொண்டாள். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. எனக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் அவை எங்கோ ஒரு பதிவேட்டில், எப்போதோ பெயர் பெற்றவையாக இருக்கலாம். இதுவரை முறைப்படி பெயர் சூட்டப்பட்ட பாக்டீரியா சிற்றினங்களின் எண்ணிக்கை 20,000ஐத் தாண்டிவிட்டது. ஒன்றைப் புதிது என்று சொல்ல வேண்டுமானால், அது இவற்றில் எதுவும் அல்ல என்று காட்ட வேண்டும்.

புதிய பறவையையோ தவளையையோ கண்டுபிடிப்பவருக்கு உருவமே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும். சிறகின் நிறம், காலின் நீளம், கத்தும் ஓசை என்று பல அடையாளங்கள் உண்டு. பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலானவை குச்சியாகவோ உருண்டையாகவோதான் தெரியும். ஒரு குச்சிக்கும் இன்னொரு குச்சிக்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால்தான் இந்தத் துறையில் கண்டெடுப்பது எளிது. அது புதிது என்று நிரூபிப்பதுதான் கடினம்.

இதை ஓர் உண்மையான ஏரியையும் அதன் தண்ணீரில் கிடைத்த ஓர் உண்மையான பாக்டீரியாவையும் வைத்துப் பார்ப்போம்.

விண்கல் தோண்டிய ஏரி

இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில், புல்தானா மாவட்டத்தில் லோனார் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே தக்காணப் பீடபூமியின் கருங்கல் பாறையில் வட்டமான பெரும்பள்ளம். விட்டம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். விண்வெளியிலிருந்து மிக வேகமாக வந்து மோதிய ஒரு கல் உண்டாக்கிய பள்ளம் அது. அதன் வயது சுமார் 50,000 ஆண்டுகள் என்று முன்பு கணித்திருந்தார்கள். 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, பாறையில் உள்ள ஆர்கான் வாயுவின் அளவைக் கொண்டு, சுமார் 570,000 ஆண்டுகள் என்று கணித்தது.

பள்ளத்தின் அடியில் தேங்கிய தண்ணீர்தான் லோனார் ஏரி. மழையும் ஊற்றும் தண்ணீரைக் கொண்டுவருகின்றன. ஆனால் வெளியேற ஆறோ வாய்க்காலோ இல்லை. தண்ணீர் ஆவியாகிப் போகிறது. அதில் கரைந்திருந்த உப்புகள் பின்தங்கிவிடுகின்றன. சமையல் உப்பு மட்டுமல்ல, சலவைச் சோடாவான சோடியம் கார்பனேட்டும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால் இந்த ஏரியின் பிஎச் அளவு 10ஐ ஒட்டி இருக்கும். நல்ல தண்ணீரின் பிஎச் 7. இடையில் மூன்றே படிதான் என்று நினைத்துவிடக் கூடாது. பிஎச் அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆகவே லோனார் தண்ணீரின் காரத்தன்மை நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. சவர்க்காரக் கரைசலில் கையை நனைத்தால் உணரும் வழவழப்புக்கு ஒப்பானது அது.

உப்பும் காரமும் நிறைந்த அந்தத் தண்ணீரில் என்ன வாழமுடியும் என்று தோன்றும். ஆனால் நிறையவே வாழ்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், சுருக்கமாக சிசிஎம்பி. அதன் அறிவியலாளர்களும் வேறு இந்திய ஆய்வு நிலையங்களைச் சேர்ந்தவர்களும் லோனார் தண்ணீரை ஆராய்ந்தார்கள். அதிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்களுக்கு எல்டபிள்யூ1, எல்டபிள்யூ7, எல்டபிள்யூ9 என்றெல்லாம் குறியீடு கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்வரை மருத்துவமனையில் கையில் கட்டும் எண் அட்டையைப் போன்றது அது. அந்த எல்டபிள்யூ9தான் நம் கதாநாயகன்.

அகார்-அகார் செய்த உதவி

முதல் வேலை, ஒன்றைத் தனியாகப் பிரிப்பது. ஒரு மில்லிலிட்டர் ஏரித் தண்ணீரில் சாதாரணமாகவே பத்து லட்சம் அளவில் பாக்டீரியாக்கள் இருக்கும். அவை எல்லாம் கலந்து கிடக்கும்போது எதையும் சோதிக்க முடியாது. தண்ணீரை நீர்த்துப் போகச் செய்து, கூழ்த் தட்டில் பரப்பினால், ஒவ்வொரு செல்லும் விழுந்த இடத்திலேயே பெருகிப் பெருகி ஒரு புள்ளியாகும். அந்தப் புள்ளியைத்தான் காலனி என்கிறோம். சுட்டுச் சுத்தப்படுத்திய கம்பி வளையத்தால் அந்தப் புள்ளியைத் தொட்டு, புதிய தட்டில் இழுப்பார்கள். அதில் வளர்வதிலிருந்து இன்னொரு தட்டுக்கு, அதிலிருந்து மற்றொன்றுக்கு என்று மாற்றிக்கொண்டே போவார்கள். எல்லாக் காலனிகளும் ஒரே மாதிரி வரும்வரை இந்த வேலை நடக்கும். அதற்குப் பெயர் தூய வளர்ப்பு. அது கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகவே முடியாது.

இந்த இடத்தில் நம் பக்கத்துச் சமையலறைக்கும் ஒரு பங்கு உண்டு. 1880களின் தொடக்கத்தில், ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் ஜெலட்டின் கூழில்தான் கிருமிகளை வளர்த்தார்கள். கோடையில் ஜெலட்டின் உருகி ஓடியது. சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று கரைத்தன. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெசேயின் மனைவி ஃபேனி ஹெசே, "அகார்-அகாரைப் பயன்படுத்திப் பாருங்களேன்" என்றார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய குடும்ப நண்பர்கள் மூலம் அவர் அந்தக் கடற்பாசிக் கூழை அறிந்திருந்தார். ஒருமுறை கட்டியானால் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வரை உருகாது. பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் நாம் வண்ண வண்ணமாக வெட்டி வைக்கும் அதே பொருள்தான், அதே மலாய்ப் பெயரோடு, உலகத்தின் எல்லா நுண்ணுயிரியல் கூடங்களிலும் இருக்கிறது.

லோனார் பாக்டீரியாவை வளர்ப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. அது எந்தத் தண்ணீரில் வாழ்ந்ததோ அந்த நிலையைத் தட்டிலும் கொடுக்க வேண்டும். உப்பும் காரமும் விரும்பும் உயிரைச் சாதாரணக் கூழில் வைத்தால், அது வளராமலே போய், அங்கே அப்படி ஒன்று இல்லை என்ற முடிவுக்கு நாம் வந்துவிடுவோம். எல்டபிள்யூ9 வளர்ந்தது. கரோட்டினாய்டு என்ற நிறமிகளால் அதன் காலனிகள் செம்மஞ்சள் நிறமாக இருந்தன. கேரட்டுக்கு நிறம் தரும் பொருளும் இந்த நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நூறு கேள்விகள்

தூய வளர்ப்பு கிடைத்ததும் விசாரணை தொடங்கும். இதை அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதோடு ஒப்பிடலாம். ஒரே ஒரு விவரம் போதாது. பல விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

முதல் கேள்வி, செல்லின் சுவர் எப்படிப்பட்டது? இதற்கு டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884ஆம் ஆண்டில் வெளியிட்ட சாய முறையே இன்றும் பயன்படுகிறது. ஊதாச் சாயம், அயோடின், மதுசாரம், கடைசியாகச் சிவப்புச் சாயம் என்று வரிசையாக ஊற்ற வேண்டும். சுவர் தடிப்பாக உள்ளவை ஊதாவைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே கொழுப்புச் சவ்வும் உள்ளவை ஊதாவை விட்டுவிட்டு இளஞ்சிவப்பாகும். முதல் வகை கிராம் பாசிட்டிவ், இரண்டாவது கிராம் நெகட்டிவ். எல்டபிள்யூ9 கிராம் நெகட்டிவ். உருவம் குச்சி. தானாக நகராது.

இதோடு நிற்பதில்லை. எந்த வெப்பத்தில் வளர்கிறது, எதில் நின்றுவிடுகிறது? எவ்வளவு உப்பைத் தாங்குகிறது? எந்த பிஎச் அளவில் நன்றாக இருக்கிறது? எந்தெந்தச் சர்க்கரையைத் தின்கிறது? எந்த நொதிகளைச் சுரக்கிறது? ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரைக்கிறதா? எந்த ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அடங்குகிறது? இப்படிக் கேள்விகளின் பட்டியல் நூறைத் தொடுவதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் எழுத வேண்டும். முக்கியமான விஷயம், அதன் உறவினர்களாகக் கருதப்படும் பாக்டீரியாக்களையும் வரவழைத்து, அதே கூடத்தில், அதே நாளில், அதே முறையில் சோதிப்பது நல்லது. இல்லாவிட்டால் வித்தியாசம் உயிரினத்தில் இருக்கிறதா, நம் சோதனையில் இருக்கிறதா என்று தெரியாமல் போகும்.

அடுத்து வேதியியல். செல்லின் சவ்வில் என்னென்ன கொழுப்பு அமிலங்கள், எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று வாயு நிறப்பிரிகைக் கருவியில் அளப்பார்கள். சுவாசத்துக்கு உதவும் குயினோன் என்ற மூலக்கூறு எந்த வகை என்று பார்ப்பார்கள். சமையலில் எந்த வீட்டில் என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்பதை வைத்துக் குடும்பத்தை ஊகிப்பது போலத்தான். ஒரே குடும்பத்துப் பாக்டீரியாக்களிடம் இந்த வழக்கங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

1,500 எழுத்துகளில் ஒரு வம்ச வரலாறு

இத்தனைக்குப் பிறகும் கேள்வி பாக்கி இருக்கும். பழக்கவழக்கம் ஒத்துப்போவதால் மட்டும் இருவர் உறவினர் ஆகிவிடமாட்டார்கள். வம்சத்தைப் பார்க்க வேண்டும்.

உயிருள்ள ஒவ்வொரு செல்லும் புரதம் தயாரிக்க வேண்டும். அதற்கான தொழிற்சாலை ரைபோசோம். அதன் ஓர் உறுப்பை உண்டாக்கும் மரபணுவுக்கு 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு என்று பெயர். எல்லாப் பாக்டீரியாக்களிடமும் இது இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 1,500 எழுத்துகள். தொழிற்சாலை இயந்திரத்தில் கண்டபடி கை வைக்க முடியாது என்பதால், இந்த மரபணு தலைமுறை தலைமுறையாக மிக மெதுவாகவே மாறுகிறது. எத்தனை எழுத்துகள் வேறுபடுகின்றன என்று எண்ணினால், இரண்டு பாக்டீரியாக்கள் எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தன என்று ஓரளவு தெரியும்.

இந்த வழியைத் திறந்தவர் அமெரிக்காவின் கார்ல் வூஸ். அவரும் ஜார்ஜ் ஃபாக்சும் 1977ஆம் ஆண்டில் ரைபோசோம் ஆர்என்ஏயை ஒப்பிட்டபோது, பாக்டீரியா என்று நினைத்திருந்த சில உயிர்கள் பாக்டீரியாவே அல்ல என்று தெரிந்தது. ஆர்க்கியா என்ற தனிப் பிரிவு அப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. லோனாருக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் லோனார் ஏரி திடீரென்று இளஞ்சிவப்பானபோது படங்கள் உலகமெங்கும் பரவின. காரணம் உப்பை விரும்பும் ஆர்க்கியாக்கள் என்று புனேயின் அகார்கர் ஆய்வு நிலையம் கண்டறிந்தது. நம் செம்மஞ்சள் பாக்டீரியா அல்ல. நிறத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் கேள்விப்பட்ட பிசிஆர் முறையால்தான் இந்த மரபணுவையும் பெருக்குகிறார்கள். பிறகு எழுத்து எழுத்தாகப் படித்து, உலகப் பொதுத் தரவுத்தளத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறார்கள். இன்றைய வழக்கத்தின்படி, தெரிந்த எந்தச் சிற்றினத்தோடும் ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அது புதிய சிற்றினமாக இருக்கும் வாய்ப்பு வலுவாகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 எழுத்துகளில் சுமார் 20 எழுத்துகள் வேறுபட்டால் போதும். ஒற்றுமை 95 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கும் கீழோ இறங்கினால், அதாவது 75 எழுத்துகளுக்கு மேல் வேறுபட்டால், பேரினமே புதிதோ என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் இதுவும் இறுதித் தீர்ப்பு அல்ல. 16எஸ் மரபணு ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் சிற்றினம் வேறாக இருப்பது உண்டு. அதனால் இன்று முழு மரபணுத்தொகுதியையும் படித்து ஒப்பிடுகிறார்கள். இரண்டின் பொதுவான பகுதிகளில் எழுத்துகளின் சராசரி ஒற்றுமை 95 முதல் 96 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஒரே சிற்றினம், குறைந்தால் வேறு.

எல்டபிள்யூ9இன் 16எஸ் மரபணு அதை சைக்ளோபாக்டீரியேசியே என்ற குடும்பத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அதன் நெருங்கிய உறவினர்களில் அதே லோனார் தண்ணீரில் கிடைத்த எல்டபிள்யூ1, எல்டபிள்யூ7 இரண்டும் இருந்தன. தொலைதூர பால்டிக் கடலின் நீரில் கிடைத்த பெல்லியெல்லா என்ற பேரினமும் இருந்தது. ஆனால் எந்த உறவினரின் வீட்டிலும் இதைச் சேர்க்க முடியாத அளவுக்கு இடைவெளி இருந்தது. ஆகவே புதிய சிற்றினம் மட்டுமல்ல, புதிய பேரினமும்தான் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

இங்கே நடந்த இன்னொன்று என்னை மிகவும் கவர்ந்தது. எல்டபிள்யூ9 வந்து சேர்ந்ததும், அதன் மூன்று உறவுப் பேரினங்களின் விளக்கங்களையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. புதிய உறுப்பினர் வந்ததால், பழையவர்களைப் பற்றி எழுதியிருந்ததே போதவில்லை என்று தெரிந்தது. ஒன்றைப் புதிதாக அறிவது, முன்பே அறிந்ததையும் திருத்துகிறது.

பெயர் சூட்டு விழா

பெயர் வைப்பதற்கும் விதிகள் உண்டு. பாக்டீரியாக்களின் பெயர்களுக்கென்று உலகளாவிய விதித்தொகுப்பு இருக்கிறது. முன்பு ஒரே பாக்டீரியாவுக்குப் பல பெயர்களும், எந்தப் பாக்டீரியாவைக் குறிக்கிறது என்றே தெரியாத பெயர்களும் குவிந்து கிடந்தன. 1980ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள், அங்கீகரிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டு, கணக்கைப் புதிதாகத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 2,000க்குச் சற்று அதிகமான சிற்றினங்களே அதில் தேறின.

பெயர் லத்தீன் வடிவில் இருக்க வேண்டும். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். எல்டபிள்யூ1க்கு 2010ஆம் ஆண்டில் இண்டிபாக்டர் அல்காலிபிலஸ் என்று பெயரிட்டார்கள். இந்தியாவின் குச்சி, காரத்தை விரும்புவது என்று பொருள். எல்டபிள்யூ7 அதே ஆண்டில் நைட்ரிட்டேலியா ஹாலால்காலிபிலா ஆனது. 2012ஆம் ஆண்டில் எல்டபிள்யூ9க்கு வந்த பெயர் செசெம்பியா லோனாரென்சிஸ். 'லோனாரென்சிஸ்' என்றால் லோனாரைச் சேர்ந்தது. 'செசெம்பியா' எங்கிருந்து வந்தது? 'சிசிஎம்பி' என்பதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

'என்சிஸ்' என்ற ஒட்டு ஊர்ப்பெயரைக் குறிக்கும். நம் நாட்டுப் பெயரைத் தாங்கிய பாக்டீரியாவும் உண்டு. மலேசிய மண்ணிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1999ஆம் ஆண்டில் பெயரிடப்பட்டது ஸ்ட்ரெப்டோமைசிஸ் மலேசியென்சிஸ்.

என் மாணவியின் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இந்தத் துறையின் அறிவுரை. இன்னொருவர் கண்டுபிடித்து, மரியாதையாக உன் பெயரை வைக்கலாம். நீ செய்யவேண்டியது, அந்த மரியாதைக்குரிய வேலையைச் செய்வது.

உயிரோடு ஒப்படைக்க வேண்டும்

கட்டுரை எழுதி, பெயரும் தேர்ந்தெடுத்தால் போதுமா? போதாது. மிக முக்கியமான நிபந்தனை ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்டீரியாவை உயிரோடு, குறைந்தது இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள பொதுச் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். அங்கே அதை உறையவைத்தோ உலரவைத்தோ பாதுகாப்பார்கள். கேட்கும் ஆய்வாளர்களுக்கு அனுப்பியும் வைப்பார்கள். செசெம்பியா லோனாரென்சிஸ் ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகச் சேமிப்பகத்திலும் தென் கொரியாவின் சேமிப்பகத்திலும் இருக்கிறது. மகாராஷ்டிராவின் வெயிலில் வாழ்ந்த ஒன்று, இன்று அந்த நாடுகளில் பத்திரமாகத் தூங்குகிறது.

எதற்கு இவ்வளவு கெடுபிடி? "நான் பார்த்தேன், நம்புங்கள்" என்பது அறிவியலில் செல்லாது. "இதோ இருக்கிறது, நீங்களே பாருங்கள்" என்பதே செல்லும். இதன் அருமையைக் காட்டும் சம்பவம் இன்னோர் ஏரியில் நடந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மோனோ ஏரியும் லோனாரைப் போலவே உப்பும் காரமும் நிறைந்தது. அதில் ஆர்சனிக் நஞ்சும் அதிகம். அதன் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா, டிஎன்ஏயில் பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கைப் பயன்படுத்துகிறது என்று 2010ஆம் ஆண்டு டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. நாசா செய்தியாளர் கூட்டம் நடத்தியது. உயிரின் வேதியியல் பாடத்தையே மாற்றி எழுதவேண்டும் என்ற அளவுக்குப் பேச்சு எழுந்தது. ஆனால் அந்தப் பாக்டீரியா மற்ற ஆய்வாளர்களுக்கும் கிடைத்தது. கனடாவின் ரோஸி ரெட்ஃபீல்ட் உள்ளிட்டவர்கள் அதைத் தாங்களே வளர்த்துச் சோதித்தார்கள். 2012ஆம் ஆண்டு ஜூலையில் இரண்டு ஆய்வுகள் அதே இதழில் வந்தன. அந்தப் பாக்டீரியா ஆர்சனிக்கைத் தாங்குகிறது, உண்மைதான். ஆனால் அதற்கும் பாஸ்பரஸ் தேவைதான் என்று அவை காட்டின. 2025ஆம் ஆண்டு ஜூலையில் 'சயன்ஸ்' இதழ் அந்த முதல் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதியவர்கள் அதை ஏற்கவில்லை.

பாக்டீரியா ஒருவர் அலமாரிக்குள் மட்டும் இருந்திருந்தால் இந்த விவாதம் வெறும் வாய்ச்சண்டையாக முடிந்திருக்கும். மற்றவர் கைக்கும் போனதால்தான் உண்மையைச் சோதிக்க முடிந்தது. புதிது என்று சொல்பவர், தன்னைத் தவறு என்று காட்டுவதற்கான பொருளையும் தன் கையாலேயே கொடுக்க வேண்டும். அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த ஒழுக்கம் இதுதான்.

தட்டில் வளராதவர்கள்

இவ்வளவு செய்தும் நாம் பார்ப்பது சிறு பகுதிதான். நுண்ணோக்கியில் எண்ணினால் தெரியும் பாக்டீரியாக்களில் பெரும்பாலும் ஒரு விழுக்காடுகூடச் சாதாரணத் தட்டில் வளர்வதில்லை. மற்றவற்றின் டிஎன்ஏயை நேரடியாகத் தண்ணீரிலிருந்து எடுத்துப் படிக்கிறார்கள். உயிரோடு ஒப்படைக்க முடியாததால் அவற்றுக்கு 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டோடு தற்காலிகப் பெயர் கொடுப்பது வழக்கம். வேட்பாளர் என்று பொருள். மரபணுத்தொகுதியையே சான்றாக ஏற்றுப் பெயரிடும் தனி விதித்தொகுப்பு ஒன்றும் 2022ஆம் ஆண்டில் வந்திருக்கிறது. எது சரி என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அதற்குள் ஏரிகள் காத்திருக்குமா என்பதுதான் கவலை. லோனாரின் தனித்தன்மையே அதன் உப்பும் காரமும்தான். சுற்றுப்புறக் கழிவுநீரும் வயல்களிலிருந்து வடியும் நீரும் அதில் கலப்பது பற்றி ஆய்வாளர்கள் நெடுநாளாக எச்சரித்து வருகிறார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் வரை விஷயம் போயிருக்கிறது. 2020ஆம் ஆண்டு நவம்பரில் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீரின் தன்மை மாறினால், அந்தத் தண்ணீருக்கென்றே பழகியவை முதலில் போகும். புலி குறைந்தால் எண்ணிச் சொல்ல ஆள் இருக்கிறது. பெயர்கூட வைக்கப்படாத பாக்டீரியா போனால், போனதே நமக்குத் தெரியாது.

அந்தச் செம்மஞ்சள் புள்ளி

மறுவாரம் அந்த மாணவியை அழைத்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அந்தப் புள்ளி ஏற்கெனவே பெயர் பெற்ற ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செம்மஞ்சள், மஞ்சள் நிறப் பாக்டீரியாக்கள் தண்ணீரிலும் காற்றிலும் ஏராளம். பள்ளிக் கூடத்தில் தட்டைத் திறந்து பார்க்கவும் கூடாது. எது நோய்க்கிருமி என்று நமக்குத் தெரியாது. விதிப்படி, மூடிய நிலையிலேயே தட்டுகளை அழுத்தக் கொப்பரையில் அவித்து அழித்துவிட்டோம் என்றும் சொன்னேன்.

அவள் முகம் சற்று வாடியது. பிறகு கேட்டாள்: "அப்போ அது புதுசு இல்லைன்னு நமக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது," என்றேன். "புதுசுன்னும் தெரியாது, இல்லைன்னும் தெரியாது."

"அந்தத் தண்ணி இன்னும் அங்கேதானே இருக்கு?"

இருக்கிறது. பள்ளியிலிருந்து பத்து நிமிட நடை. அவளுக்கு இன்னும் எஸ்பிஎம், அதற்குப் பிறகு பல்கலைக்கழகம், அதற்குப் பிறகு எத்தனையோ தட்டுகள் இருக்கின்றன. அதுவரை அந்த ஏரியில் நாம் எதையும் கொட்டாமல் இருந்தால் போதும்.